தேதி குறித்து வரும் வெள்ளம்

சீராக மாறிவரும் அளவு சில கணங்களில் சட்டென்று தாவுவதைச் சொல்லும் கணத்தாக்கு வகைக்கெழுச் சமன்பாடுகளின் அலைவு பற்றிய கட்டுரைகளைக் குறை சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கும்: தூய கணிதத்திடம் பயன் கேட்கக் கூடாது. நான் கேட்கவில்லையே! மீன்வளம், மருந்தளவு, பூச்சிக் கட்டுப்பாடு என்று முதல் பத்தியில் பயனை அறிவிப்பவர்கள் அவர்கள்தான். இரண்டாம் பத்தியிலிருந்து மீனைக் காணோம்.

துறை சாதித்ததை மறுக்க முடியாது. 1960-இல் மில்மன், மிஷ்கிஸ் தொடங்கியதை 1989-இல் கோபால்சாமியும் ஜாங்கும் தாமதச் சமன்பாடுகளின் அலைவுக்குக் கொண்டுவந்தார்கள். எளிய நேரியல் தாமதச் சமன்பாட்டில் கெழுவையும் தாமதத்தையும் பெருக்கி வருவது ஏறத்தாழ 0.368-ஐத் தாண்டினால்தான் எல்லாத் தீர்வுகளும் பூச்சியத்துக்கு மேலும் கீழும் ஓயாமல் மாறும். 0.3 என்றால் அப்படிக் குறி மாறாத தீர்வும் உண்டு. ஆனால் ஒவ்வொரு தாமத இடைவெளிக்கும் ஒருமுறை அளவைச் சட்டென்று பாதியாக வெட்டுங்கள், அந்த 0.3, 0.6-ஆக நடந்துகொள்ளும். வெட்டுவதால் ஆட்டம் பிறக்கிறது. அழகான விஷயம். (ஒரே பதிலீட்டில் முடிந்துவிடும் கணக்கு என்பது வேறு.)

என் பழைய வழக்கு, வெட்டு விழும் கணங்களைப் பற்றியது. அவை எப்போதும் முன்கூட்டியே தரப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டில் 1, 2, 3 என்று வரிசையாக வந்து நிற்கும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதற்கு நாள்காட்டி போதும். முட்டுக்காட்டு முகத்துவாரத்துக்குப் போதுமா? கோடையில் மணல் மேடிட்டு அடைபடும். மழையில் உள்ளே நீர் ஏறினால்தான் திட்டு உடையும்; உடைந்தால்தான் நீர் இறங்கும். மதுராந்தகம் ஏரி ஐப்பசி பத்தாம் தேதி என்று பார்த்துக் கிளியாற்றில் உபரிநீரை விடுவதில்லை, 23.3 அடி நிரம்பியதும் விடுகிறது. கணத்தைக் குறிப்பது நீர்மட்டம், அதாவது தீர்வேதான்.

இப்படிக் கணம் நிலையைச் சார்ந்துவிட்டால் கைவசமுள்ள கருவிகள் ஒவ்வொன்றாக நழுவுகின்றன. இரண்டு தீர்வுகளைக் கூட்டினால் தீர்வு வராது. மேலே சொன்ன பதிலீடு செத்துவிடும். அருகருகே புறப்பட்ட இரு தீர்வுகள் வெவ்வேறு நேரத்தில் வெட்டுப்படும். 1836-இல் ஸ்டர்ம் தொடங்கிவைத்த ஒப்பீட்டு வழிக்குக் காலூன்ற இடமிருக்காது. ஒரே எல்லையில் தீர்வு திரும்பத் திரும்ப முட்டவும் கூடும். இதெல்லாம் லக்ஷ்மிகாந்தம், பைனோவ், சிமியோனோவ் 1989-இல் எழுதிய நூலிலேயே இருக்கிறது. எல்லோர் அலமாரியிலும் இருக்கும் நூல், எல்லோரும் மேற்கோள் காட்டும் நூல். ஆகவே அறியாமை என்று சொல்ல மாட்டேன், சோம்பல் என்பேன். கெழுவில் ஒரு நிபந்தனையைத் தளர்த்தி, தாமதத்தை இரண்டாக்கி, இன்னொரு தேற்றம். விதிவிலக்குகள் உண்டு என்பார்கள். இருக்கட்டும், நான் விதியைப் பற்றிப் பேசுகிறேன்.

முட்டுக்காட்டுக்கென்று ஒரே ஒரு அலைவுத் தேற்றம் வரட்டும், எவ்வளவு பலவீனமானதாக இருந்தாலும். அதன் முதல் பத்தியில் எத்தனை மீன் வேண்டுமானாலும் துள்ளட்டும்.