நெஸ் ஏரி விலங்கு: சான்றும் வாசிப்பும்

ஸ்கொட்லாந்தின் நெஸ் ஏரியிலே பெருவிலங்கொன்று வாழ்கின்றது என்போர், தம் கூற்றுக்குத் தொன்மை காட்டுவதற்குப் புனித கொலம்பாவின் வரலாற்றை எடுத்தாள்வர். அச்சான்று ஆராயற்பாலது. கொலம்பா மறைந்தது 597இல். அடொம்னான் அவர் வரலாற்றை எழுதியது ஏறத்தாழ நூறாண்டுகளின் பின்னர். அந்நூல் விலங்கைக் காட்டுவது ஏரியிலன்று, நெஸ் ஆற்றிலேயாம். புனிதரின் சொல்லுக்குக் கொடுவிலங்கும் அடங்கிற்று என நிறுவுதலே ஆசிரியர் நோக்கம். அடியார் வரலாறுகளுக்கு இது பொதுமரபு.

ஏரி விலங்கு உலகப் புகழ் பெற்றது 1933இலேயே. மறு ஆண்டு வெளியான புகழ்பெற்ற புகைப்படம், விளையாட்டு நீர்மூழ்கியின்மேற் பொருத்திய பொம்மைத்தலை என்பது 1994இல் வெளிப்பட்டது. 2018இல் ஏரிநீரிலிருந்து திரட்டிய மரபணுக்களை ஆய்ந்தோர் ஊர்வனவற்றின் தடயம் எதனையும் கண்டிலர். விலாங்கு மீனின் மரபணுவே மிகுதியாகக் கிடைத்தது. எனினும், அம்மிகுதி மீனின் பருமனை உணர்த்தாது. ஆதலின், பெருவிலாங்கே அவ்விலங்கு என்பதும் ஊகமேயாம்.

இலக்கியத்தைச் சான்றாக்குமுன் அதன் வகையை வினவுதல் வேண்டும். அடொம்னானை விலங்கியற் குறிப்பாக வாசித்தமையால் விலங்கு மெய்ப்படவில்லை; நூலே தன் பொருளை இழந்தது.