இண்டூரில் எது ஓடும்?

'எந்த லேப்டாப் நல்லது?' என்று யாராவது கேட்டால், 'எந்த ஊரில்?' என்று திருப்பிக் கேளுங்கள். விமரிசனம் எழுதுபவர்கள் ஏ.சி. அறையில் உட்கார்ந்து, எத்தனை நொடியில் திறக்கிறது, திரை பளிச்சென்று இருக்கிறதா என்று மார்க் போடுகிறார்கள். தருமபுரி மாவட்டம் இண்டூர் மாதிரி ஓர் ஊரில் ப்ளஸ் டூ முடித்த பெண்ணுக்கு அந்த மார்க்கால் பிரயோஜனமில்லை. அவள் கடையில் நாலைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டாள்.

2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா துவக்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் டெண்டர் வழியாக ஏசர், எச்.சி.எல்., லெனோவோ என்று பல கம்பெனி மெஷின்கள் வந்தன. மொத்தம் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள். ஒரே வயசு, ஒரே மாதிரி முரட்டு உபயோகம். நம்பகத்தன்மையை அளக்க இதைவிடப் பெரிய சோதனைச்சாலை எந்தப் பத்திரிகைக்கும் கிடைக்காது.

நம்பகம் என்பது கம்பெனி பெயரில் இல்லை, உள்ளே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில், நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றும் தட்டின்மேல், தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய இடைவெளியில் ஒரு முனை மிதக்கிறது. ஓடும்போது கீழே போட்டால் போச்சு. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் சமாசாரமே கிடையாது, பெரும்பாலும் பிழைத்துவிடும். லித்தியம் பாட்டரி சில நூறு சார்ஜுகளில் தளரும், வெயிலில் இன்னும் சீக்கிரம். 2012-ல் மாவட்டங்களில் பல மணி நேரம் கரண்ட் இல்லாதபோது பாட்டரிதான் கம்ப்யூட்டர்.

அடுத்தது சுலபம். அந்த மெஷின்களில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் இலவசம், தமிழ் பேசும், பென் டிரைவில் வரும் விண்டோஸ் வைரஸ் அதை ஒன்றும் பண்ணாது. ஆனால் சந்தேகம் என்றால் யாரைக் கேட்பது? பிரவுசிங் சென்டர் பையனுக்குத் தெரிந்தது விண்டோஸ்தான். சுலபம் என்பது பாதி மெஷினில், பாதி பக்கத்து வீட்டில். இதில் ஒரு சிக்கல்: விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ல் நிறுத்திவிட்டது. மெஷின் நன்றாக இருந்தும் அநாதை. முதல் நாள் சுலபம் வேறு, ஒன்பதாம் வருஷம் ஓடுவது வேறு. பின்னதில் லினக்ஸுக்குத்தான் என் ஓட்டு.

ஆகவே வாங்குபவருக்குச் சொல்வேன்: முதலில் எஸ்.எஸ்.டி. இரண்டாவது, மாற்றக்கூடிய பாட்டரி. மூன்றாவது, பஸ் ஏறிப் போய் அன்றே திரும்பக்கூடிய தூரத்தில் ரிப்பேர். பிராண்டு நாலாவதுதான்.

அரசுக்கும் ஒன்று. 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்தார்கள். சந்தோஷம். கூடவே, எந்தக் கம்பெனி மெஷின் எத்தனை ரிப்பேருக்கு வந்தது, எத்தனை நாளில் திரும்பியது என்ற கணக்கை மாவட்டவாரியாக வெளியிடட்டும். அடுத்த டெண்டரில் விலையோடு அந்தக் கணக்கையும் பார்க்கட்டும். சரியாக ரிப்பேர் பண்ணித் தராத கம்பெனிக்கு அது உறைக்கும். சார்ஜர் போய் பரண்மேல் கிடக்கும் லேப்டாப்பைவிட விலை உயர்ந்த லேப்டாப் உலகத்திலேயே இல்லை.