கருப்பொருளும் கதையும்

எழுத்துக் கலையைக் கற்பிக்க இயலுமா என்னும் வினாவுக்கு மலாயாத் தமிழுலகம் 1950-ஆம் ஆண்டிலேயே விடை காண முற்பட்டது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' நாளிதழில் நடத்திய 'கதை வகுப்பு' அம்முயற்சியாகும். சிறுகதையின் இலக்கணத்தை இதழ்வழியே பாடமாக்கி, எழுத விழைந்தோரைப் பயிற்றுவித்தது அவ்வகுப்பு. 1924-இல் தோன்றிய அவ்விதழ் 2019-இல் நின்றுவிட்டது. ஆயினும் அவ்வகுப்பு எழுப்பிய வினா இன்றும் ஆசிரியர்முன் நிற்கின்றது.

தொடக்கம், சிக்கல், உச்சம், முடிவு என்னும் கட்டமைப்பைக் கற்பித்தல் எளிது. தோட்டப்புறக் கதைகள் பல தோற்பது அவ்விடத்தில் அன்று. துன்பத்தைக் காட்டாமல், துன்பம் என்று பெயரிட்டு அழைப்பதிலேயே அவை தோற்கின்றன. 'அவன் உள்ளத்தில் வேதனை எரிமலையாய்க் குமுறியது' என எழுதினால், அந்த அவன் எந்த நாட்டானும் ஆகலாம். 'பிரட்டில் பெயர் கூப்பிட்ட பின்னும் அவன் காண்டாக் கம்பைத் தோளில் ஏற்றாமல் நின்றான்' என எழுதினாலோ, தோட்டமும் விடியலும் அவன் மனமும் ஒருங்கே தோன்றும். முன்னது வேதனை என்று சொல்லியும் அதனை உணர்த்தவில்லை. பின்னது அச்சொல்லைச் சொல்லாமலே உணர்த்துகின்றது.

இவ்வுண்மை தமிழர்க்குப் புதிதன்று. முதல், கரு, உரி எனப் பொருளை மூவகைப்படுத்திய தொல்காப்பியர், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றைக் கருப்பொருளாக வகுத்தார். சங்கப் புலவர் உரிப்பொருளாகிய உணர்வை இவற்றின் வாயிலாகவே புலப்படுத்தினர். பால்மரம், உளி, மங்கு, நிரை, கோட்டுப்பால், லயம் ஆகியவை மலேசியத் தமிழர் நிலத்தின் கருப்பொருள்கள். இவற்றை நீக்கிவிட்டு உணர்வை மட்டும் எழுதுவது, திணையின்றி அகப்பாட்டு எழுதுவதை ஒக்கும்.

1950-களில் மலாயாவுக்கு வந்து 'தமிழ் நேசனில்' பணியாற்றிய கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' இதற்குச் சான்றாகும். தீபாவளி நாளில், தானும் வறுமையுற்ற ஒரு தாய், ஆதரவற்ற சிறுவனுக்கு எண்ணெய் தேய்த்து நீராட்டி, வீட்டிலிருந்த புதுத் துண்டை உடுத்திவிடுகின்றாள். கருணையைப் பற்றி ஆசிரியர் சொற்பொழிவு ஆற்றவில்லை. எண்ணெயும் துண்டுமே அதனைச் சொல்லிவிடுகின்றன.

அழகிரிசாமிக்கு அவர்தம் கரிசல் மண் கைகொடுத்தது. ஜொகூரின் செடெனாக் போன்ற ஊர்களில் இன்று கற்கும் மாணவனுக்குக் கைகொடுப்பது யாது? செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரில் தொழில்நுட்பப் பூங்காவும் தரவு மையங்களும் எழுந்துள்ளன. பாட்டி வழங்கிய சொற்கள் பலவற்றைப் பேரன் அறியான். அவன் அறிந்தனவோ மாதிரிக் கட்டுரைகளின் தேய்ந்த தொடர்கள். ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. அத்தேர்வுக்காக வளர்ந்த மனப்பாட வழக்கம் இன்னும் நீங்கிற்றில்லை. 'காலைக் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்' என்றே மழைநாள் கட்டுரையும் தொடங்குகின்றது.

பழைய சொற்களை மட்டுமே எழுதுக என்பது இதன் கருத்தன்று. செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லாரியும், தரவு மையத்தின் இரவுக் காவலும் இன்றைய கருப்பொருள்களே. அவற்றைக் கூர்ந்து நோக்கி, மக்கள் வழங்கும் பெயரால் எழுதப் பழக்குதலே ஆசிரியர் செய்யத்தக்கது. மாணவனின் ஏட்டில் 'துயரம்', 'மகிழ்ச்சி' என்னும் சொற்களை அடிக்கோடிட்டு, 'இதனை நீ எதில் கண்டாய்?' எனக் கேட்டால் போதும். அவ்வினாவுக்கு விடை தேடி அவன் வீட்டு முதியோரிடம் செல்வானாயின், கட்டுரை திருந்துவதோடு, அவர்களோடு மறையவிருந்த சொற்கள் சிலவும் ஏட்டில் ஏறும்.