சிறையிலிருந்து வந்த நட்பு மடல்கள்

காணாமலே நட்புக் கொள்ளுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஒருவரையொருவர் நேரிற் காணாத கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் உள்ளத்தால் ஒன்றியதைப் புறநானூறு காட்டுகிறது. பேனா நட்பை அதன் இக்கால உருவம் எனலாம். அந்நட்பைச் சிறைக்கம்பிகளுக்குப் பின்னிருந்து ஒருவர் நாடினால், அவர் மடலை நாம் எவ்வாறு படித்தல் வேண்டும்? அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டு வெளிவந்த மடல் தொகுப்பொன்று இவ்வினாவை எழுப்புகிறது.

ஜேக் ஹென்றி அப்பாட் இளமை முதலே சீர்திருத்தப் பள்ளிகளிலும் சிறைகளிலும் வளர்ந்தவர். சிறையினுள்ளே சக கைதியொருவரைக் கொன்றவர். அங்கேயே நூல்களைப் பயின்று அறிவு பெற்றவர். மரண தண்டனை பெற்ற கேரி கில்மோரைப் பற்றி நார்மன் மெய்லர் நூல் எழுதுவதை அறிந்து, சிறைவாழ்வின் உண்மையை விளக்க முன்வந்து அவருக்கு மடல் எழுதினார். தொடர்ந்து எழுதிய மடல்கள் 'இன் தி பெல்லி ஆஃப் தி பீஸ்ட்' என்னும் நூலாயின. 'விலங்கின் வயிற்றினுள்' என்பது அதன் பொருள். மெய்லர் முன்னுரை வழங்கினார். அப்பாட்டின் விடுதலைக்கும் பரிந்துரைத்தார்.

1981 ஜூனில் அப்பாட் வெளிவந்தார். ஜூலை 18ஆம் நாள் விடியற்காலையில், நியூயார்க் உணவகமொன்றில் எழுந்த சிறு வாக்குவாதத்தில், அங்குப் பணிபுரிந்த 22 வயது இளைஞரைக் கத்தியாற் குத்திக் கொன்றார். இறந்தவரும் நடிகர், நாடகம் எழுதியவர். மறுநாள் 'நியூயார்க் டைம்ஸ்' நூல் மதிப்புரைப் பகுதியில் அப்பாட்டின் நூலைப் பாராட்டிய கட்டுரை வெளிவந்தது.

மடல்கள் படித்தோரை ஏமாற்றிவிட்டன என்று கூறுவார் உளர். அக்கூற்று பொருந்தாது. அரசின் காவலிலேயே வளர்க்கப்பட்டவன் உணர்ச்சியளவில் முதிர்ச்சி பெறுவதில்லை என்று அப்பாட்டே எழுதியுள்ளார். கத்தியால் ஒருவனைக் கொல்வது எவ்வாறு நிகழும் என்பதையும் உள்ளம் நடுங்கும் நுட்பத்துடன் விளக்கியுள்ளார். எச்சரிக்கை ஏட்டிலேயே இருந்தது. படித்தோர் நடையின் வேகத்தில் மயங்கிப் பொருளைக் கேளாது விட்டனர்.

தொகுத்த முறையிலும் குறையுண்டு. மடல்கள் தலைப்பு வாரியாகப் பகுக்கப்பட்டுள்ளன. மெய்லரின் மறுமொழிகள் இடம்பெறவில்லை. இதனால் இருவர் உரையாடல் ஒருவர் சொற்பொழிவாயிற்று. நண்பரைத் தேடிய மனிதர் மறைந்து, எழுத்தாளர் மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிகிறார்.

அங்ஙனமாயின், கைதியின் மடலுக்கு மறுமொழி எழுதலாகாதா? எழுதத்தான் வேண்டும். தனிச்சிறையின் கொடுமையை இந்நூலிற் படித்தவர், வெளியுலகிலிருந்து வரும் ஒரு மடலின் அருமையை உணர்வார். ஆயினும் வள்ளுவர் 'நட்பு' அதிகாரத்தை அடுத்தே 'நட்பாராய்தல்' அதிகாரத்தை வைத்தார். ஆராய்தலாவது, நண்பர் தம்மைப் பற்றிக் கூறும் கசப்பான உண்மையையும் செவிமடுத்து, அதற்கேற்ப உதவுதல். அப்பாட்டுக்குப் புகழ்மாலை விரைந்து கிடைத்தது. வெளியுலகில் வாழக் கற்பிக்கும் பொறுமையான துணை கிடைக்கவில்லை. கொலைக்கு அவரே பொறுப்பாளி. எனினும், அவர் எழுத்தை நயந்தோர் அதன் பொருளையும் ஏற்றிருப்பின், அவரை வேறு வகையில் வரவேற்றிருப்பர்.

இது ஆசிரியராகிய நமக்கும் பாடமாகும். மாணவன் கட்டுரையில் 'நடை நன்று' எனச் சிவப்பு மையால் எழுதி, அவன் தன் துயரைச் சொல்லியிருந்த வரியை நாமும் எத்தனை முறை கடந்து சென்றிருக்கிறோம்!