மாத்துத் துணி இல்லாத மைதானம்

விளையாட்டுப் பாடவேளைக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே உடை மாற்ற வேண்டுமா, வேண்டாமா? ஆசிரியர் கூட்டங்களிலும் பெற்றோர் கூட்டங்களிலும் அவ்வப்போது எழுகிற கேள்வி இது. மாற்ற வேண்டும் என்கிறவர்கள் சுகாதாரம், ஒழுங்கு, மைதானத்துக்கு உரிய மரியாதை என்று காரணம் சொல்கிறார்கள். வேண்டாம் என்கிறவர்கள் நேரம் வீணாகிறது என்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் பொதுவாக மூன்று நம்பிக்கைகள் உண்டு. எல்லாப் பிள்ளையிடமும் இன்னொரு துணி இருக்கிறது. மாற்றுவதற்கு ஓர் அறை இருக்கிறது. சட்டையைக் கழற்றினால் உள்ளே இருப்பது வெறும் உடம்பு. சேரிப் பிள்ளையைப் பொறுத்தவரை இந்த மூன்றும் கேள்விக்குரியவை. ஆகவே அந்தக் கேள்வியை நாம் சேரியிலிருந்து திருப்பிக் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் துணி. மழையில் நனைஞ்சு வந்தவனை ‘மாத்துத் துணி இருக்கா?’ என்றுதான் நம்ம வீடுகளில் கேட்பார்கள். பல நேரம் பதில் இல்லை என்பதுதான். தமிழக அரசு சத்துணவு சாப்பிடுகிற 1 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 இணைச் சீருடை தருகிறது. அதைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. நம்ம பிள்ளைகள் கிழியாத துணியில் வகுப்பறைக்குள் நுழைந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அது வகுப்பில் உட்காருவதற்குத் தைத்த உடை. ஓடுவதற்கும் விழுவதற்கும் வேறு துணி வாங்குவது அப்பன் ஆத்தா பாடு. ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் அந்த 4 இணையும் கிடையாது. பெண் பிள்ளைக்கு உடம்பு மாறுகிற வயசும், மாத்துத் துணி அதிகம் தேவைப்படுகிற வயசும் அதுதான்.

அடுத்து அறை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒரு பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று அட்டவணையில் பட்டியல் போடுகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சமையற்கூடம், விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, விளையாட்டுப் பொருள்கள் எல்லாம் அதில் வருகின்றன. உடை மாற்றும் அறை வரவில்லை. மைதானம் வேண்டும் என்று எழுதியவர்கள், அந்த மைதானத்துக்குள் ஒரு பிள்ளை எப்படி இறங்கும் என்று யோசிக்கவில்லை. சரி, கழிப்பறையில் மாற்றட்டும் என்று வைத்துக்கொள்வோம். 40 பெண் பிள்ளைகள், தாழ்ப்பாள் போட முடிகிற கழிப்பறை 2, ஆளுக்கு 2 நிமிஷம். கடைசிப் பிள்ளை மாற்றி முடிக்க 40 நிமிஷம். பாடவேளையே அவ்வளவுதான். பந்தைத் தொடுவதற்கு முன்னால் மணி அடித்துவிடும். திரும்ப மாற்றுவதற்கு நேரம் எங்கே? ‘பசங்க வகுப்பிலேயே மாத்திக்கிடட்டும்’ என்று சொல்லி விடுகிறார்கள். ஆண் பிள்ளைக்கு வெட்கம் கிடையாது என்று யார் முடிவு செய்தது?

மூன்றாவது உடம்பு. இதுதான் நாம் பேசித் தீர வேண்டிய இடம். சீருடை சாதியை மறைக்கிறது என்று ஒரு சொல்லாடல் நெடுங்காலமாக இருக்கிறது. மறைக்கிறது, உண்மைதான். சட்டையைக் கழற்றுகிற வரைக்கும். கழற்றினால் உள்ளே கிழிந்த பனியன், அல்லது பனியனே இல்லாத முதுகு, அண்ணன் போட்டு விட்ட இடுப்பு தொங்குகிற டவுசர், குலசாமி கோயிலில் கட்டிய அரைஞாண் கயிறு, அம்பேத்கர் படம் போட்ட டாலர். வகுப்பறையில் யாரும் கேட்காத கேள்விக்கு அங்கே பதில் கிடைத்துவிடுகிறது. 2019 ஜூலையில் தமிழகப் பள்ளிக்கல்வித் துறை இயக்குநர் அனுப்பிய சுற்றறிக்கை ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ளலாம். மாணவர்கள் கையில் சாதிவாரியாக வண்ணக் கயிறு கட்டுகிறார்கள் என்று பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் கொடுத்த புகாரை வைத்து அனுப்பியது அது. விளையாட்டு அணிக்கு ஆள் எடுப்பதிலும் அந்தக் கயிறு பயன்படுகிறது என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். அன்றைய அமைச்சர் பின்வாங்கினார், விஷயம் அமுங்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் நீதிபதி சந்துரு குழு வந்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி வேண்டாம் என்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சட்டைக்கு வெளியே தெரிகிற கயிறே இத்தனை வேலை பார்க்கிறது என்றால், சட்டையைக் கழற்றச் சொல்கிற அறையில் என்ன நடக்கும்?

உடுப்பு நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. 1930 டிசம்பரில் ராமநாதபுரத்து ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. மீறிய சேரிகளில் குடிசைகள் எரிந்தன, ஆடுமாடு கொள்ளை போனது. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும் என்பது அதில் ஒன்று. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹட்டன் இதைப் பதிவு செய்தார். அம்பேத்கரும் தம் எழுத்தில் எடுத்துக் காட்டினார். சட்டைக்கான தடையும் படிப்புக்கான தடையும் ஒரே கையிலிருந்து, ஆறு மாத இடைவெளியில் வந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியரை அந்த ஆதிக்க சாதியாரோடு ஒன்றாக வைத்துப் பேசுவது அநியாயம். அவர் நல்ல மனசோடுதான் ‘துணியை மாத்திட்டு ஓடி வாங்கடா’ என்கிறார். ஆனால் அடி வாங்கி, குடிசை எரிந்து, பனியன் போடுகிற உரிமையைச் சம்பாதித்தவர்களின் பேரப்பிள்ளைக்கு, நாலு பேர் பார்க்க அதைக் கழற்றுவது மற்றவனுக்கு இருப்பதுபோல் லேசான காரியமாக இருக்காது.

நம் எழுத்து இதை எப்படிப் பதிவு செய்திருக்கிறது? பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் சாய்ந்து வளர்ந்த தென்னையில் ஓடி ஏறி நுனியைத் தொட்டு விளையாடுகிறார்கள். அந்தப் பெண் தொட்டபோது காய் விழுந்துவிடுகிறது. மறுநாள் காலை எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் தலைமையாசிரியர் சாதி சொல்லித் திட்டுகிறார். விளையாட்டு திருட்டாக மாறிவிடுகிறது. அதே புத்தகத்தில் அதே பெண் கல்லூரிக்குப் போன பிறகு, விருந்துக்கு உடுத்திப் போக நல்ல சேலை இல்லாமல் குளியலறைக்குள் போய் ஒளிந்துகொள்கிறாள். இந்த இரண்டு இடங்களையும் தனித்தனியாகவே வாசித்து வந்திருக்கிறோம். சேர்த்து வாசித்தால் உடை மாற்றுகிற பிரச்சினையின் இரண்டு முனையும் தெரியும். ஒன்றில் மைதானம் மறுக்கப்படுகிறது. மற்றதில் மாத்துத் துணி இல்லை.

ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூதன்’ 1997இல் இந்தியில் வந்தது. உத்தரப்பிரதேசத்துப் பள்ளிக்கூடம். மற்ற பிள்ளைகள் வகுப்பில் படிக்க, இந்தப் பையன் கையில் விளக்குமாறு. வகுப்பறை, தாழ்வாரம் பெருக்கியது போதாதென்று மைதானத்தையும் பெருக்க வைக்கிறார்கள். மூன்றாம் நாள் அப்பா பார்த்துவிட்டு விளக்குமாற்றைப் பிடுங்கி எறிகிறார். பின்னால் ஒருநாள் அந்தப் பையன் காக்கிச் சீருடையை இஸ்திரி போடக் கொண்டுபோகிறான். உங்க சாதித் துணியைத் தொட மாட்டோம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். சீருடை அரசாங்கத்தின் நிறத்தில் இருந்தாலும், துவைக்கிற கல்லுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் சாதி தெரிகிறது.

சினிமாவுக்கு வருவோம். ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் கல்லூரிக்கு வந்த அப்பாவின் வேட்டியை உருவி ஓட விடுகிறார்கள். ‘சார்பட்டா பரம்பரை’ (2021) படத்தில் ஜெயிக்கப் போகிற கபிலனை மேடையிலேயே துணி கிழித்து அம்மணமாக்குகிறார்கள். இரண்டும் நம்மைத் தூங்க விடாத காட்சிகள். உரிப்பதுதான் சாதியின் ஆயுதம் என்று மாரி செல்வராஜும் ரஞ்சித்தும் துல்லியமாகப் பிடித்துவிட்டார்கள். நம் விமர்சனம் ஒன்றுதான். இந்தக் காட்சிகளில் உரிப்பவன் பகைவன். முகம் உண்டு, திருப்பி அடிக்கலாம். பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ரெண்டு தரம் நடப்பதில் பகைவன் யாரும் இல்லை. கால அட்டவணை இருக்கிறது, மணி இருக்கிறது, பக்கத்து பெஞ்சுப் பையனின் கண் இருக்கிறது. யாரும் கை வைக்காமலே பிள்ளை கூனிப்போகிறது. இந்தச் சின்ன அவமானத்துக்கு நம்மிடம் காட்சியும் இல்லை, கதையும் குறைவு. பெரிய வன்முறையை எழுதிப் பழகிய கை இதையும் எழுத வேண்டும்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் வெள்ளை கேன்வாஸ் ஷூவும் வெள்ளை டவுசரும் இல்லாதவர்கள் மைதானத்தில் இறங்க முடியாது. ‘டிரெஸ் இல்லாதவன்லாம் வேப்பங்கன்னுக்குத் தண்ணி ஊத்துங்கடா’ என்பார் வாத்தியார். அடிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். வாளியோடு நின்ற ஏழெட்டுப் பேரும் எங்க தெருப் பையன்களாகவே இருந்தோம். அந்த மரங்களுக்கு இப்போது நல்ல நிழல். இது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியவில்லை. 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த வழக்கில் தலைமையாசிரியை ஒருவர் கைதானார். விளையாட்டு உடை இல்லை என்று வெளியே நிறுத்துகிற பிள்ளையின் கையில் வாளியோ விளக்குமாறோ வந்து சேர அதிக நேரம் பிடிப்பதில்லை.

வேர்வை பற்றியும் பேசிவிட வேண்டும். விளையாடிய துணியோடு வகுப்பில் உட்கார்ந்தால் நாறும், அதனால் மாற்றணும் என்பதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். உடம்பைக் கழுவிக்கொள்வதும் காய்ந்த துணி உடுத்துவதும் நல்லதுதான், அதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் தண்ணீர் வராத குழாயை வைத்துக்கொண்டு சுகாதாரம் பேசுவது என்ன நியாயம்? நாற்று நட்டு, சித்தாள் வேலை பார்த்து வருகிற ஆத்தாளின் மேல் வீசுவதும் இதே வேர்வைதான். அதைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாத அசிங்கம் என்று பிள்ளை கற்றுக்கொண்டால், அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத சாதிப் பாடம்.

அப்படியென்றால் வீட்டிலிருந்தே விளையாட்டு உடையில் வரட்டும், விஷயம் முடிந்தது என்று தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பெண்ணின் தாய் ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: ‘அந்தப் பேண்ட்டை மாட்டிக்கிட்டு எம்மவ ஊர்த்தெரு வழியா நடந்து வரணும்ல? எவன் என்ன சொல்லுவான்னு ஒங்களுக்குத் தெரியாதாய்யா?’ நியாயமான கேள்வி. அவள் மகள் மட்டும் அப்படி வந்தால் பேச்சு வரும். ஊர்ப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே நாளில், ஒரே துணியில் வந்தால் பேச்சு தானாக அடங்கும். அந்தத் துணியை அரசாங்கம் தர வேண்டும், கடையில் வாங்கச் சொல்லக் கூடாது.

நம் நிலைப்பாடு இதுதான். பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையையும் பிறர் பார்வையில் உடை மாற்றும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. விளையாட்டு நாளில் காலை முதல் மாலை வரை போட்டிருக்கக்கூடிய, ஓடவும் உட்காரவும் தோதான ஓர் உடையை இலவசச் சீருடையோடு ஐந்தாவது இணையாகச் சேர்த்துத் தர வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தர வேண்டும், துப்பட்டா இல்லாமல் தர வேண்டும். மாற்றிக்கொள்ள விரும்புகிற பிள்ளைக்கு, மாதவிடாய் நாளில் மாற்றியே ஆக வேண்டிய பிள்ளைக்கு, உள்தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள அறை வேண்டும். அதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுத வேண்டும். இவையெல்லாம் வந்து சேர நாளாகும். ஆனால் துணி இல்லை, ஷூ இல்லை என்று சொல்லி யாரையும் மைதானத்துக்கு வெளியே நிறுத்தக் கூடாது என்பதற்கு நிதி ஒதுக்கீடும் அரசாணையும் தேவையில்லை. நாளைக் காலையிலிருந்தே செய்யலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்திருக்கிற நம்ம ஆட்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை எழுப்பட்டும். வெளியே நிற்கிற பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போய் எழுப்பட்டும்.