வலது கைக்கு ஓய்வு: எந்த த்ராட்டில் லாக் வாங்கலாம்?

நாலுவழிச் சாலையில் பைக்கிலேயே நாள் முழுக்கப் போகிறவர்களுக்கு முதுகுக்கு முன்னால் சோர்ந்துபோவது வலது கை. இடது கைக்குப் பெரிய வேலை கிடையாது. டாப் கியருக்கு வந்துவிட்டால் அடுத்த டோல்கேட் வரை கிளட்சைத் தொட வேண்டாம். தொடையில் வைத்துக்கொள்ளலாம், உதறலாம், ஹெல்மெட் கண்ணாடியைத் துடைக்கலாம். வலது கைக்கு அந்தச் சலுகை இல்லை. ஆக்சிலேட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் அதை மூடப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கை அதை விடாமல் எதிர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிடி இறுக இறுக, இன்ஜின் அதிர்வும் சேர்ந்துகொள்ள, விரல்கள் மரத்துப்போகின்றன. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளி ஓரமாக ஓடும் அல்னார் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்தால், மணிக்கட்டின் நடுவே போகும் மீடியன் நரம்பு.

முன் பிரேக்கைப் பிடிக்க வேண்டியதும் இதே விரல்கள்தான். அதனால்தான் த்ராட்டில் லாக் என்ற இந்தச் சின்னக் கருவியைச் சொகுசுச் சாமான் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். த்ராட்டில் லாக் வேகத்தைப் பிடித்து வைப்பதில்லை. முறுக்கிய இடத்தில் ஆக்சிலேட்டரை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். மேம்பாலம் ஏறினால் வண்டி தளரும். இறங்கினால் வேகம் கூடும். எதிர்க்காற்று அடித்தால் மறுபடி குறையும். காரில் இருக்கும் குரூஸ் கண்ட்ரோல் வேகத்தைக் கணக்குப் பார்த்து ஆக்சிலேட்டரைத் தானே கூட்டிக் குறைக்கும். பிரேக்கைத் தொட்டதும் விலகிக்கொள்ளும். இதற்கு அந்த அறிவு கிடையாது. லாக் போட்டபடி பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் பிரேக் இழுக்கும், மறுபக்கம் இன்ஜின் தள்ளிக்கொண்டே இருக்கும். கிளட்சைப் பிடித்தால் இன்ஜின் சுமை இல்லாமல் அலறும்.

இது புதிய யோசனையும் அல்ல. பழைய ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் ஆக்சிலேட்டர் கூட்டுக்கு அடியில் ஒரு திருகு இருக்கும். அதை இறுக்கினால் கிரிப் முறுக்கிய இடத்திலேயே நிற்கும். பிற்பாடு, கையை எடுத்தால் ஆக்சிலேட்டர் தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்பதை அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதி எண் 123 எழுத்திலேயே வைத்தது. ஓசூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இந்தக் கருவியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு அதையேதான் கேட்டார்: "சார், கையை விட்டா வண்டி அடங்கணும்னுதானே கம்பெனிக்காரன் ஸ்பிரிங் போட்டிருக்கான்? அதைப் போய்த் தடுக்கலாமா?" நியாயமான கேள்வி. ஒவ்வொரு வகையையும் மாட்டிப் பார்த்தபோது நான் அளவுகோலாக வைத்துக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான். எவ்வளவு உறுதியாகப் பிடிக்கிறது என்பது இரண்டாம்பட்சம். எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு நிச்சயமாக விடுகிறது என்பதுதான் முதலில்.

மலிவானவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ரப்பர் ஓ-ரிங்கை ஹேண்டில்பார் முனையில் மாட்டி, கிரிப்புக்கும் பார் எண்டுக்கும் நடுவே உருட்டித் தள்ளி இறுக வைக்கும் உத்தி உலகம் முழுக்க உண்டு. வேலை செய்யும். ஆனால் கையுறை போட்ட விரலால் அதை வெளியே உருட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வெயிலில் நின்ற வண்டியில் ரப்பர் பிசுபிசுத்துப்போவது வேறு. அடுத்தது, கிரிப்பில் மாட்டி அதன் கையை பிரேக் லிவர் மேல் சாய்த்து வைக்கும் பிளாஸ்டிக் கிளிப். இதை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முன் பிரேக் லிவர் மேல் வேறொரு பொருள் உட்காருவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

உள்ளங்கைத் தாங்கி வேறு ரகம். கிராம்ப்பஸ்டர் என்ற பெயரில் பிரபலமானது. சில நூறு ரூபாய்க்கு நகல்களும் கிடைக்கின்றன. கிரிப்பைச் சுற்றிக் கவ்வி, உள்ளங்கைக்கு அடியில் ஒரு தட்டையான நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். விரல்களை மடக்காமல் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாலே ஆக்சிலேட்டர் நிற்கும். கண்டிப்பாகப் பேசினால் இது லாக்கே அல்ல. கையை எடுத்தால் ஸ்பிரிங் உடனே மூடிவிடும். அந்த மெக்கானிக்கின் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கும் ஒரே கருவி இதுதான். நாக்கை எந்தக் கோணத்தில் வைக்கிறோம் என்பதில் மட்டும் கவனம் தேவை. உயர்த்தி வைத்துவிட்டால், ஊருக்குள் நெரிசலில் பிரேக் பிடிக்க விரல் நீட்டும்போது உள்ளங்கை நாக்கை அழுத்தி வண்டி முன்னால் பாயும். ஊர் எல்லை வந்ததும் அதைச் சுழற்றிக் கீழே தள்ளிவிடும் பழக்கம் வேண்டும்.

இனி உண்மையான லாக் இரண்டு. ஒன்று ஹேண்டில்பார் முனையில், மற்றது கட்டைவிரல் அருகில்.

முனையில் வருவதற்குத் தென்னாப்பிரிக்காவின் காவோகோ நல்ல உதாரணம். இருக்கும் பார் எண்டைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் இதை மாட்ட வேண்டும். வளையம் போன்ற ஒரு நட்டை மோதிரவிரலாலும் சுண்டுவிரலாலும் திருகினால், அது கிரிப்பின் முனையை அழுத்தி உராய்வைக் கூட்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது பாதி இறுக்கம். முழுதாகப் பூட்டாமல், ஸ்பிரிங்கின் இழுப்பு சமனாகும் அளவுக்கு மட்டும் திருகி வைத்தால், ஆக்சிலேட்டர் பஞ்சுபோல் ஆகிவிடும். ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். பிடித்து வைக்க மட்டும் பலம் தேவையில்லை. கரூரிலிருந்து திண்டுக்கல் வரை மெல்ல ஏறி இறங்கும் சாலையில், முழுப் பூட்டைவிட இந்தப் பாதி இறுக்கம்தான் கைக்கு அதிகம் உதவியது.

தயக்கம் வருவது விடுவிக்கும்போது. திருகி இறுக்கியதைத் திருகித்தான் தளர்த்த வேண்டும். மணிக்கட்டால் முன்னால் உருட்டினால் எந்த இறுக்கத்திலும் ஆக்சிலேட்டர் மூடும், அது உண்மை. ஆனால் குறுக்கே ஒரு மாடு வரும்போது உடம்பு என்ன செய்கிறது? நாலு விரலும் பிரேக்குக்குப் பாய்கின்றன. உருட்டி மூட வேண்டும் என்ற நினைப்பு பின்னால்தான் வருகிறது. வழக்கமாக அந்தக் கணத்தில் ஸ்பிரிங் நமக்காக மூடிக் கொடுக்கும். பாதி இறுக்கத்தில்கூட அது மூடாது. இன்னொரு விஷயம், கம்பெனி கொடுக்கும் கனமான பார் எண்ட் சும்மா அழகுக்கு இருப்பதில்லை, அதிர்வைக் குறைக்கத்தான் இருக்கிறது. மாற்றாக வருவது அதைவிட லேசாக இருந்தால், ஓய்வு தேடிப் போய் அதிர்வை வாங்கிக்கொண்டு வருவோம். கடையில் இரண்டையும் கையில் வைத்து எடை பார்த்து வாங்குங்கள். ஹேண்ட்கார்டு போட்ட வண்டிக்கு அதற்கென்றே வரும் மாடலைக் கேட்க வேண்டும்.

கட்டைவிரல் அருகில் வருவது பட்டன் வகை. அமெரிக்காவின் அட்லஸ் இதில் பெயர் பெற்றது. கிரிப்பின் உள் ஓரத்துக்கும் சுவிட்ச் கூட்டுக்கும் நடுவில் உள்ள சந்தில், கிரிப்பைக் கவ்வியபடி உட்காரும் மெல்லிய எஃகு வளையம். இரண்டு பட்டன். ஒன்றை அழுத்தினால் ஒரு சின்ன உராய்வுப் பட்டை சுவிட்ச் கூட்டின் பக்கவாட்டில் போய் அழுந்தி, கிரிப் நிற்கும். இன்னொன்றை அழுத்தினால் பட்டை விலகி, ஸ்பிரிங் சட்டென்று மூடும். இரண்டுக்கும் கட்டைவிரல் போதும். மற்ற நாலு விரலும் பிரேக் பக்கத்திலேயே இருக்கலாம். பூட்டியிருக்கும்போதும் மணிக்கட்டால் கூட்டலாம், குறைக்கலாம். விட்ட இடத்தில் நிற்கும்.

மாட்டுவதில்தான் நிதானம் வேண்டும். வளையம் கிரிப்போடு சேர்ந்து சுழலும் என்பதை மறந்துவிட்டு, ஆக்சிலேட்டர் மூடிய நிலையில் பட்டனைக் கட்டைவிரலுக்கு நேராக வைத்து ஆலன் கீயால் முறுக்கிவிட்டால், சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு முறுக்கும்போது பட்டன் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். இன்ஜினை அணைத்துவிட்டு, வழக்கமாக ஓட்டும் வேகத்துக்கு எவ்வளவு முறுக்குவோமோ அவ்வளவு முறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கோணத்தில் கட்டைவிரல் எங்கே விழுகிறதோ அங்கே பட்டன் வருமாறு வைக்க வேண்டும். பிறகு ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, வளையம் பிரேக் ஆயில் டப்பாவிலோ டேங்கிலோ தட்டுகிறதா என்று பார்ப்பது. லாக் போடாத நிலையில் முழுக்க முறுக்கி விட்டால் பழையபடி 'டக்' என்று மூட வேண்டும். கொஞ்சம் தயங்கி மூடினாலும் கழற்றி, இடைவெளியைச் சரிசெய்து, மறுபடி மாட்டுங்கள். அந்தச் சத்தம் கேட்காமல் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

விலைதான் இதில் இடிக்கிறது. நூறு டாலருக்கு மேல். இங்கே வந்து சேரும்போது பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். மலிவு நகல் ஒன்றையும் மாட்டிப் பார்த்தேன். வளையம் அச்சு அசலாகவே இருந்தது. ஆனால் பட்டை அழுந்தியபின் விடுவிக்கும் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால்தான் விலகியது. இந்தச் சாமானில் அந்த ஒரு குறையை மன்னிக்க முடியாது. அசல் வாங்கப் பணம் இல்லையென்றால் நகலுக்குப் போகாமல் உள்ளங்கைத் தாங்கிக்கே போய்விடுவது உத்தமம்.

நம் சாலையில் இதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது? நாலுவழிச் சாலையில் இரு சக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-ல் வைத்த உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த நிதான வேகம் லாக்குக்குப் பொருத்தமானதுதான். ஆனால் நடுத்திட்டில் திறப்பு, எதிர்த்திசையில் வரும் மொபெட், பின்விளக்கு இல்லாத டிராக்டர், ஓட்டல் வாசலிலிருந்து பார்க்காமல் ஏறும் வேன் எல்லாம் இருக்கும் சாலையில், ஒரே நிலையில் தொடர்ந்து ஓட்ட முடிவது அரை நிமிடம், ஒரு நிமிடம். மதுரை தாண்டிக் கோவில்பட்டி வரை போன்ற வெட்டவெளியில் இன்னும் கொஞ்சம். கையை எடுத்து நாலு முறை உதறி, விரலை நீட்டி மடக்கி, தோளை உருட்டிக்கொள்ள அது தாராளம். ரத்தம் ஓடியதும் கையைத் திரும்ப வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

சில இடங்களில் லாக்கை நினைக்கவே கூடாது. தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது வரும் தொப்பூர் இறக்கம் அதில் முதலாவது. லாரிகள் பிரேக் சூடேறித் தவிக்கும் அந்தச் சரிவில் மூடிய ஆக்சிலேட்டரும் இன்ஜின் பிரேக்கிங்கும்தான் துணை. நாங்குநேரி தாண்டி வள்ளியூர், காவல்கிணறு பக்கம் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் கணவாய்க் காற்று தெற்கே போகும் வண்டியை வலப்பக்கத்திலிருந்து தள்ளும். அங்கே இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்க வேண்டும். மழை, இரவு, பின்சீட்டில் ஆள் என்றாலும் எனக்கு லாக் கிடையாது.

வண்டியைப் பொறுத்தும் முடிவு மாறும். கேபிள் ஆக்சிலேட்டர் உள்ள ஹிமாலயன் 411, கிளாசிக் 350, இன்டர்செப்டர் 650 போன்றவற்றில் ஸ்பிரிங்கின் இழுப்பு கையில் நன்றாகத் தெரியும். லாக்கின் பலன் முழுதாகக் கிடைப்பது இவற்றில்தான். மாட்டுவதற்கு முன் கேபிளுக்கு எண்ணெய் விட்டு, ஃப்ரீ பிளே சரிபார்த்தாலே பாதி வலி போய்விடுவதும் உண்டு. புது வண்டி வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், கேபிள் இல்லாமல் மின்னணு வழியாக ஆக்சிலேட்டர் இயங்கும் வண்டிகளில் குரூஸ் கண்ட்ரோலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓசூர் டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்டிஆர் 310, 2023-ல் வந்தபோதே அந்த வசதியோடு வந்தது. அதே ஆண்டு வந்த ஹிமாலயன் 450-ல் மின்னணு ஆக்சிலேட்டர் இருந்தும் குரூஸ் கண்ட்ரோல் கொடுக்கவில்லை. பிரேக்கையோ கிளட்சையோ தொட்டதும் தானாக விலகும் குரூஸ் கண்ட்ரோலுக்கு எந்த லாக்கும் ஈடாகாது.

ஆக, என் சிபாரிசு: வார இறுதியில் சென்னையிலிருந்து புதுச்சேரி, ஏலகிரி என்று போய் வருகிறவர்களுக்கு உள்ளங்கைத் தாங்கி போதும். ஒரே நாளில் 500 கிலோமீட்டர் தாண்டுகிறவர்கள், 24 மணி நேரத்தில் 1,000 மைல் ஓட்டும் சேடில்சோர் சவாலுக்குத் தயாராகிறவர்கள், கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்குக் கிளம்புகிறவர்கள் பட்டன் வகைக்குச் செலவழிக்கலாம். முனையில் மாட்டும் வகை, பாதி இறுக்கத்தின் அருமை தெரிந்து, ஊர் நெருங்கும் முன்பே தளர்த்திவிடும் ஒழுங்கு உள்ளவர்களுக்கு. பைக் ஓட்டத் தொடங்கி ஓரிரு வருடம்தான் ஆகிறது என்றால் எதுவும் வேண்டாம். மணிக்கொரு முறை இறங்கி டீ குடியுங்கள்.

பட்டன் வகையை மாட்டியபின் வண்டி கழுவும்போதெல்லாம் பட்டையில் ஒட்டும் மண்ணைத் துடைத்துவிடுங்கள். தம்பியோ நண்பரோ வண்டியைக் கேட்டால், சாவியைக் கொடுக்கும் முன் அந்த இரண்டு பட்டனையும் காட்டி, நிற்கும் வண்டியில் ஒரு முறை பூட்டி விடுவிக்கச் சொல்லிப் பாருங்கள். அதற்கு நேரமில்லை என்றால் ஆலன் கீயை எடுத்துக் கழற்றி வைத்துவிட்டே கொடுங்கள்.