டாலமியின் ஓக் புத்தகம்: மரத்தடியை மறந்தால்?

டக்ளஸ் டாலமி எழுதி 2021-இல் வெளிவந்த 'தி நேச்சர் ஆஃப் ஓக்ஸ்' புத்தகத்தை இரண்டே நாளில் படிச்சு முடிச்சேன். டாலமி ஒரு பூச்சியியல் பேராசிரியர். பென்சில்வேனியாவில் உள்ள தன் நிலத்தில் வளரும் ஓக் மரங்களில் என்னவெல்லாம் நடக்கிறது என்பதை, அக்டோபரில் தொடங்கி மாதம் மாதமாகச் சொல்லிக்கொண்டு போகிறார்.

புத்தகத்தின் வாதம் எளிமையானது. வீட்டு முன்னால் வைக்கிற மரம் நிழலுக்கும் அழகுக்கும் மட்டும் இல்லை. வட அமெரிக்காவில் வேறெந்த மர இனத்தையும்விட அதிக வகைக் கம்பளிப்புழுக்களுக்கு ஓக்தான் உணவு. சிக்கடி என்ற சின்னப் பறவை ஒரு ஈட்டுக் குஞ்சுகளை வளர்க்க ஆயிரக்கணக்கான புழுக்கள் வேணும். அப்போ மண்ணின் மரத்தை விட்டுட்டு வெளிநாட்டு அலங்கார மரம் வைத்தால் குஞ்சுகள் எதைத் தின்னும்? இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க முடியவில்லை. பெரிய மரமா வாங்காமல் கொட்டையாகவோ சின்னக் கன்றாகவோ நடுங்கள் என்பதும் சரியான யோசனை. தொட்டியில் அதிக நாள் இருந்த ஓக்கின் வேர் சுருண்டுவிடும்.

என் குறை வேறு. இந்த மாத வரிசை பென்சில்வேனியாவுக்கானது. கலிஃபோர்னியாக் கடலோர ஓக்கை எடுத்துக்கங்க. அது பசுமை மாறாத மரம். குளிர்காலத்தில்தான் மழை, கோடை முழுக்க வறட்சி. வளர்ந்த மரத்தைச் சுற்றிப் புல்தரை போட்டு, கோடையில் தினமும் தண்ணீர் தெளித்தால், சூடான ஈர மண்ணில் பைட்டாப்தோரா போன்ற கிருமிகள் பெருகி வேரை அழுக வைக்கும். மரம் உடனே சாகாது, வருஷக்கணக்கில் நலியும். அதனால் தண்ணீர்தான் காரணம்னு வீட்டுக்காரருக்குத் தோணுவதே இல்லை.

பென்சில்வேனியாவிலும் புல்தரைதான் பிரச்சினை, காரணம்தான் வேறு. ஓக் இலை தின்னும் புழுக்களில் பல கீழே விழுந்து சருகிலோ மண்ணிலோ கூட்டுப்புழுவாகும். சருகை வாரிவிட்டு, இறுகிய புல்தரையை விட்டுவைத்தால் அவை எங்கே போகும்?

ஆக, எந்த ஓக்கை நடுவது என்பது பாதிக் கேள்விதான். அதன் அடியில் எதைச் செய்யாமல் இருப்பது என்பது மீதிப் பாதி. அதை டாலமி புத்தகத்தின் நடுவில் வைத்திருக்கணும். ஆனாலும் வாங்கிப் படியுங்க. படிச்சிட்டு, கன்று வாங்கப் போகும் முன் புல் வெட்டும் இயந்திரத்தை ஒருமுறை பாருங்க.